மானிட்டரில் படம் வருகிறது, டிவியில் ‘நோ சிக்னல்’

வணக்கம். ஒரே கம்ப்யூட்டரில் நீங்கள் மானிட்டரில் வேலை செய்ய, அம்மா ஹால் டிவியில் படம் பார்க்க வேண்டும். ஆனால் மதர்போர்டில் (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகை) செருகிய டிவிக்கு சிக்னலே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு (படத்தைத் திரைக்கு அனுப்பும் தனி அட்டை) போட்டதும் பல மதர்போர்டுகள் தம்முடைய எச்டிஎம்ஐ போர்ட்டை (டிவி கேபிள் செருகும் இடம்) அணைத்துவிடும். கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். மேலே யுஎஸ்பி போர்ட்டுகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டு, அதற்குக் கீழே படுக்கைவாக்கில் தனியாக இருப்பது கார்டு. இரண்டு கேபிளும் கார்டில்தான் போக வேண்டும். கார்டில் ஒரே எச்டிஎம்ஐதான் என்றால் அதை டிவிக்கு விட்டுவிட்டு, மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை போர்ட்டில் மாட்டுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனால், ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்கிவிடாதீர்கள். அது ஒரே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும். காசு வீண். ஹால் வரைக்கும் 10 மீட்டர் என்றால் சாதா கேபிளில் 4கே படம் விட்டுவிட்டு வரும். ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ கேபிள் கேளுங்கள்.

மாட்டியதும் விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள், இரண்டு திரையிலும் வேறு வேறு படம் வரும். சத்தம் மானிட்டர் பக்கமே வந்தால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு டிவிக்கு மாற்றுங்கள். அப்புறம், டிவியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் ஓவர்ஸ்கேனை (படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் அமைப்பு) அணையுங்கள். கார்டின் மாடல் நம்பரையும் போடுங்கள், என்னென்ன போர்ட் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.