அனுமதிக்கு முன் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்ட வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. வரைபடத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்தோம். பக்கவாட்டில் விட வேண்டிய இடம் போதவில்லை, மழைநீர் வடிகால் காட்டப்படவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்ததாரரோ, “காத்திருந்தால் பொருள்களின் விலை ஏறிவிடும். வேலையைத் தொடங்குவோம், பிறகு அபராதம் கட்டினால் போயிற்று” என்கிறார். கடனின் முதல் தவணையை எடுத்து அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அனுமதி கையில் வரும்வரை கடனில் ஒரு பைசாவும் எடுக்க வேண்டாம்.

ஒப்பந்ததாரர் சொல்வதில் பாதி உண்மை. காத்திருப்பதற்கும் செலவு உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். வீட்டின் மொத்தச் செலவு 100 என்றும், அதில் உங்கள் சேமிப்பு 25, கடன் 75 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், ஆறு மாதத் தாமதத்துக்கு 3 கூடும். ஆனால் அந்த ஆறு மாதமும் உங்கள் 25 வைப்புநிதியில் இருக்கிறது. அதற்கு 6 சதவீத வட்டி என்றால் 0.75 திரும்பி வருகிறது. எடுக்காத கடனுக்கு வட்டி கிடையாது. ஆகவே நிகரச் செலவு 2.25.

இப்போது அதே ஆறு மாதத் தாமதம் கடைசியில் வருவதாக எண்ணிப் பாருங்கள். கூரை போட்டாயிற்று, கடனில் 60 எடுத்தாயிற்று. விதிமீறல் என்று வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். 9 சதவீத வட்டியில் அந்த 60-க்கு மட்டும் ஆறு மாதத்தில் 2.7 போகும். இடிப்பதும் மறுபடி கட்டுவதும் இன்னும் கணக்கில் சேரவில்லை. பக்கச் சுவரை உள்ளே தள்ளுவது என்றால் சுவரோடு நிற்காது. அடித்தளம், தூண், உத்திரம் என்று தொடரும். அந்தச் செலவை வங்கி தராது. உங்கள் 25-ஓ முதலிலேயே கரைந்திருக்கும். பெரும்பாலான வங்கிகள் சொந்தப் பங்கைப் போட்ட பிறகே கடனை விடுவிக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். குடியிருக்கும் வீட்டு வாடகையை நான் சேர்க்கவில்லை, அது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

“அபராதம் கட்டினால் போயிற்று” என்ற பேச்சைத்தான் நான் நம்புவதில்லை. சில சிறு விலகல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துவது பல ஊர்களில் உண்டு. ஆனால் எல்லா விலகலையும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பக்க இடைவெளி வெளிச்சம், காற்று, தீயணைப்பு, அண்டை வீட்டாரின் உரிமை எல்லாவற்றோடும் தொடர்புடையது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தாலே போதும். தவிர, உங்களுக்கு எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று இனிச் சொல்ல முடியாது. அபராதம் கட்டப்போவதும் ஒப்பந்ததாரரல்ல, நீங்கள்.

வங்கியின் பக்கமும் பாருங்கள். வீடு கட்டும் கடன் மொத்தமாக வராது. அடித்தளம், சுவர், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டமாகப் பொறியாளர் வந்து பார்த்த பிறகே விடுவிப்பார்கள். கட்டடம் அனுமதித்த வரைபடத்தோடு பொருந்தவில்லை என்று அவர் எழுதினால் அடுத்த தவணை நின்றுவிடும். பணி நிறைவுச் சான்றிதழ் கேட்கும் இடங்களில், அது இல்லாமல் இணைப்புகள் பெறுவதும் பின்னாளில் வீட்டை விற்பதும் சிக்கல்தான்.

காத்திருக்கும் காலத்தைச் சும்மா விடாதீர்கள். முதல் வேலை, வரைபடத்தைத் திருத்தும்போதே செலவு மதிப்பீட்டையும் திருத்தச் சொல்வது. வீட்டின் அகலம் குறைந்தால் செலவு குறையலாம், வடிகால் சேர்ந்தால் கூடும். இரண்டையும் வங்கிக்குத் தெரிவியுங்கள். பழைய மதிப்பீட்டை வைத்துப் புதிய வீட்டுக்குக் கடன் வாங்கினால் நடுவில் பணம் பற்றாமல் போகும். திருத்தக் கட்டணம் யார் தலையில் என்று வரைபடம் போட்டவரிடம் கேளுங்கள். இடைவெளி விதி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மண் பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடலாம். அனுமதிக் கட்டணம், குடிநீர், கழிவுநீர், மின் இணைப்புச் செலவு ஆகியவை ஒப்பந்ததாரரின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்குத் தனியாகவும், எதிர்பாராததற்கு மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதமும் ஒதுக்குங்கள்.

விலை ஏறிவிடும் என்று ஒப்பந்ததாரர் உண்மையிலேயே கவலைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அனுமதி கிடைத்த நாளிலிருந்து தொடங்கும் நிலையான விலை ஒப்பந்தம் ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் அதோடு இணைக்கப்பட வேண்டும். வங்கி விடுவிக்கும் அதே கட்டங்களில்தான் அவருக்கும் பணம். ஒவ்வொரு தவணையிலும் 5 சதவீதத்தைப் பிடித்துவைத்து, நிறைவுச் சான்றிதழ் வந்த பின் கொடுப்பதாக ஒரு வரி சேருங்கள். இதற்கு அவர் முகம் சுளித்தால் வேறு இருவரிடம் விலை கேட்க உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கடன் ஒப்புதல் கடிதத்துக்குக் கெடு உண்டு. அதற்குள் அனுமதி வராது என்று தோன்றினால், உள்ளாட்சி அனுப்பிய ஆட்சேபக் கடிதத்தின் நகலை இணைத்து, கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். நீட்டித்தால் பழைய வட்டி விகிதம் தொடருமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.