கிறிஸ்தவர் ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஏமாற்றுவதற்காகக் கூடாது. மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் என்பது, இருக்கும் சொத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்ட பிறகு, அடைக்கவே முடியாத மிச்சத்திலிருந்து சட்டப்படி விடுபடுவது.

வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் வேதாகமம் உறுதியாக இருக்கிறது. கடனுக்காக இரண்டு மகன்களையும் அடிமைகளாக இழக்க இருந்த விதவையிடம், அற்புதமாகப் பெருகிய எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைத்துக்கொள் என்கிறார் தீர்க்கதரிசி எலிசா (2 இராஜாக்கள் 4).

அப்புறம் எதற்கு விடுதலை? உபாகமம் 15, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சக இஸ்ரவேலரின் கடனை விட்டுவிடச் சொல்கிறது. ஏழாம் வருஷம் நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கொடுக்க மறுப்பதையும் கண்டிக்கிறது; இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் இன்னும் அதிகம் கேட்க வேண்டும். உபாகமம் 24:6 திரிகைக்கல்லை அடகாக வாங்காதே என்கிறது, அது பிழைப்புக்கான கருவி என்பதால். தவணை நின்றதற்காக ஆட்டோ ஓட்டுபவரின் ஆட்டோவையே தூக்கிப் போனால், அவர் எதை வைத்துச் சம்பாதித்துக் கட்டுவார்?

நிலத்தை மைத்துனர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுத் திவால் கேட்பது பச்சைத் திருட்டு. நோயிலோ நஷ்டத்திலோ நொடித்தவர் எதையும் மறைக்காமல் ஒப்படைப்பது வேறு.

துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான் என்னும் சங்கீதம் 37:21-ஐக் காட்டி, திவாலானவர் எல்லோரும் துன்மார்க்கர் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த வசனத்தின் மறுபாதி நீதிமான் இரங்கிக் கொடுப்பதைச் சொல்கிறது, எனவே அது கண்டிப்பது தர மனமில்லாதவனைத்தான், வழியில்லாதவரை அல்ல.