வெளிநாட்டுச் சிறுகதைகள் ஏன் பாதியில் நின்றுவிட்டது போலவே முடிகின்றன?

ஆளுக்குள் ஒரு மாற்றம் நடந்து முடிந்ததும் அந்தக் கதைகள் நின்றுவிடும். நாமோ சம்பவம் முடியக் காத்திருக்கிறோம். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’யையே (1899) பாருங்கள். அன்னாவும் குரோவும் தனித்தனியே திருமணமானவர்கள், ரகசியமாகக் காதலிப்பவர்கள். மாஸ்கோ ஹோட்டல் அறையில் அன்னா அழுகிறாள். தேற்றப் போன குரோவ் கண்ணாடியில் தன் நரைக்கத் தொடங்கிய தலையைப் பார்க்கிறான். வாழ்க்கையிலேயே முதன்முறையாக இப்போதுதான் உண்மையில் காதலிக்கிறோம் என்று புரிகிறது. இருவரும் சேர்ந்தார்களா? செகாவ் சொல்வதில்லை. மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது என்று முடித்துவிடுகிறார். எனக்கு அதைவிட நேர்மையான முடிவு தெரியாது.

அப்புறம் 2013இல் நோபல் பெற்ற கனடாவின் சிறுகதை எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவைப் படியுங்கள். நீங்கள் பினாங்கில் இருந்தால், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.