யாரும் கேட்காத சபைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் முதல் பெண் போதகர் ஒலிம்பியா பிரவுன் என்று எழுதியிருந்தீர்கள். அன்டாய்னெட் பிரவுன் அவருக்குப் பத்து வருடம் முந்தியவர் ஆயிற்றே? இருவரும் அக்கா தங்கையா? மேலும், ஒலிம்பியாவின் யுனிவர்சலிஸ்ட் பிரிவினரைப் போல நரகமே நிரந்தரமில்லை, முடிவில் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று சொல்பவர்களைக் கிறிஸ்தவர்கள் எனலாமா?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

அக்கா தங்கை இல்லை. பெயர் ஒன்று, அவ்வளவுதான். 1853இல் அன்டாய்னெட்டுக்குப் போதகர் பட்டம் கொடுத்தது ஓர் ஊர்ச் சபை மட்டும். ஒலிம்பியாவுக்கு 1863 ஜூனில், நியூயார்க் மாநிலத்து மலோனில், யுனிவர்சலிஸ்ட் பிரிவே முறைப்படி கொடுத்தது. நரகத்தை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஆனால் யார் முதல் என்ற பந்தயத்தை விடவே மாட்டீர்களா? கல்லூரியில் படிக்கும்போது அன்டாய்னெட்டைப் பிரசங்கத்துக்கு அழைத்ததே ஒலிம்பியாதான். அவர்களுக்கு இல்லாத போட்டி நமக்கு எதற்கு? பட்டம் கொடுத்தார்கள், சரி. அப்புறம் எந்தச் சபையைக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

என் அம்மா தலைமையாசிரியை ஆனபோது கிடைத்தது கூரை ஒழுகும் பள்ளி. "நீங்க போனாத்தான் டீச்சர் சரியாகும்" என்றார் அதிகாரி. அதைப் பாராட்டு என்று நினைத்து அம்மா அன்று கேசரி கிண்டினார். மூன்றாம் வருடம் பள்ளி நிமிர்ந்தது. உடனே ஒரு சார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒலிம்பியாவுக்கும் இதே கதைதான். செழிப்பான சபைகளில் எல்லாம் ஆண்கள் இருந்தார்கள், மற்றவர்கள் கைவிட்டதை எடுத்துச் சீராக்குவதுதான் என்னால் முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் போதகராக இருந்த கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு கோஷ்டி ஆண் போதகர்தான் வேண்டும் என்று கிளம்பியது. 1878இல் விஸ்கான்சினில் உள்ள ரசீனுக்குப் போனார். சபை நல்ல நிலையில் இல்லை, இதுவரை வந்த போதகர்கள் காரியம் தெரியாதவர்கள் என்று அங்கிருந்து முன்கூட்டியே கடிதம் வந்திருந்தது. தெரிந்தேதான் போனார். கணவரும் இரண்டு குழந்தைகளும் கூடவே. ஒன்பது வருடம் அந்தச் சபையைத் தூக்கி நிறுத்தினார், பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் ஆந்தனியை எல்லாம் அழைத்துப் பேச வைத்தார். 52 வயதில் வேலையை விட்டது ஓய்வெடுக்க அல்ல, பெண்களின் ஓட்டுரிமைக்கு அலைய. அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்த 1920இல், 85 வயதில், ஓட்டுப் போட்டார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு அக்காவா தங்கையா என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் வராவிட்டால் அம்மாவின் கேசரி எனக்கு ஞாபகம் வந்திருக்காது.

ரசீன் சபைக்கு இன்று ஒலிம்பியாவின் பெயர். அம்மா பெயரும் அந்தப் பள்ளியின் பலகையில் இருக்கிறது, நான்காவது வரியில். இனிஷியல் தப்பு.