அடைகிடக்கும் டைனோசர்

அன்புள்ள ஐயா,
ஆபிரிக்கக் காடொன்றில் டைனோசர் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கைபேசியில் ஒரு காணொளி பார்த்துவிட்டு, தரம் 6இல் படிக்கும் என் மகள் இரண்டு நாளாக அதே பேச்சாக இருக்கிறாள். வன்னிக் காட்டிலும் இருக்குமாம். முத்தையன்கட்டுக் குளத்து முதலையும் டைனோசர்தானாம். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள நண்பருக்கு,

இருக்கிறது என்றே சொல்லுங்கள். உங்கள் வளவிலேயே நான்கைந்து மேய்ந்துகொண்டிருக்கும்.

முதலில் காட்டுக் கதையை முடித்துவிடுவோம். யானையளவு விலங்கொன்று இத்தனை காலம் தப்பிப் பிழைக்கத் தனியொன்று போதாது, ஒரு கூட்டமே வேண்டும். கூட்டம் இருந்தால் தடமும் சாணமும் எலும்பும் கிடக்கும். தேனெடுக்கப் போகிறவர் உடும்பின் தடத்தைக்கூடத் தவறவிடாத காடு உங்களுடையது. போதாததற்கு, போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றியவர்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய ஊர்கள் அவை. ஆபிரிக்கக் கதையும் அப்படித்தான். கொங்கோவுக்குப் பல குழுக்கள் போய் வெறுங்கையோடு திரும்பின.

பழைய எலும்புக்கும் வன்னியில் ஆசைப்பட முடியாது. அதன் அடிப்பாறை பெரும்பாலும் டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே உருவானது. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் அரியலூரில் கிடைத்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் விழுந்த விண்கல்லோடு பெரியவற்றின் காலம் முடிந்தது. சிறகு முளைத்த ஒரு கிளை மட்டும் தப்பியது. அந்தக் கிளையைத்தான் நாம் பறவை என்கிறோம். ஊர்க்கோழியின் காலை மகளிடம் காட்டுங்கள்: செதில், முன்னோக்கிய மூன்று விரல், நகம். கோழிக்கறியில் கழுத்தடியில் வருகிற கவை எலும்பு டிரனோசரஸ் ரெக்ஸுக்கும் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி மொங்கோலியாவில் அகப்பட்டது. 1923இல் கோபிப் பாலைவனத்தில் முட்டைக் கூடொன்றின்மேல் ஒரு டைனோசரின் எலும்பு கிடந்தது. முட்டைகள் வேறொரு டைனோசருடையவை என்று நினைத்தார்கள். களவெடுக்க வந்த இடத்தில் செத்திருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த ஆண்டே 'முட்டைத் திருடி' என்று பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயரைச் சூட்டினார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தது. 1990களில் அதே வகை முட்டைக்குள் அதன் குடும்பத்துக் கருவே கிடைத்தது. பிறகு, கூட்டின்மேல் குந்தி இரு கைகளையும் முட்டைகளைச் சுற்றி விரித்தபடி மண்மூடிப்போன உறவினமொன்றின் எலும்புக்கூடும் வெளிவந்தது. அடைக்கோழியைக் கண்ட எந்த அம்மம்மாவும் அதை முதல் நாளே சொல்லியிருப்பார். பெயரை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை. பெயரிடும் விதி அப்படி.

முதலை விடயத்தில் மகள் சொன்னது பிழை, ஆனால் கெட்டிக்காரப் பிழை. அது டைனோசர் இல்லை, ஒன்றுவிட்ட உறவு. உடும்பைவிடக் கோழிதான் முதலைக்கு நெருங்கிய சொந்தம் என்றால் நம்புவாளா, கேட்டுப் பாருங்கள். டைனோசர் இல்லையென்று தெரிந்த துணிவில் குளத்தில் இறங்க மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.