சங்கம், சந்தா, சம்பளச் சீட்டு: வாசகர் கேள்வி–பதில்

கே: அஞ்சலகத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். வேறு சங்கத்துக்கு மாறுவதாக ஆகஸ்டில் எழுதிக் கொடுத்தும், பழைய சங்கத்துக்கே சந்தா பிடிக்கிறார்கள். இது சரியா?
- வாசகர், விருத்தாசலம்

ப: எந்தச் சங்கத்திலும் சேராமலிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிக்கல், நீங்கள் எழுதிக் கொடுத்த மாதத்தில். அஞ்சல் துறையில் சங்கம் மாற ஏப்ரலில் மட்டுமே படிவம் தரலாம். ஜூலையிலிருந்து அது நடப்புக்கு வரும். ஏப்ரலைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரல்தான். படிவம் சங்கச் செயலாளரின் சட்டைப் பையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. சம்பளப் பட்டியல் போடும் அதிகாரியிடம் சேர்ந்தால்தான் அது கணக்கில் வரும். நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு, ஜூலைச் சம்பளச் சீட்டைச் சரிபாருங்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பிரிவு ஊழியர்களில் 35 விழுக்காட்டினராவது இருக்கும் சங்கத்துக்கே அங்கீகாரம். ஒரே சங்கம்தான் அந்த அளவைத் தாண்டுகிறது என்றால், அடுத்த பெரிய சங்கத்துக்கு 15 விழுக்காடு போதும். தலை எண்ணுவது சம்பளப் பிடித்தத்தை வைத்துத்தான்.

கே: அங்கீகாரம் இழந்த சங்கத்தில் நீடித்தால் நடவடிக்கை வருமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

ப: அதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க முடியாது. அங்கீகாரமில்லாத சங்கத்தில் அரசு ஊழியர் சேரக் கூடாது என்றிருந்த 4-பி விதியை, ஓ.கே.கோஷ் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நாட்டின் இறையாண்மைக்கோ பொது ஒழுங்குக்கோ எதிரான நோக்கம் கொண்ட அமைப்பு என்றால் கதை வேறு. அங்கீகாரம் போனால் சம்பளப் பிடித்தமும், நிர்வாகத்துடனான முறையான பேச்சுவார்த்தையும் போகும். சந்தாவைக் கையில்தான் வசூலிக்க வேண்டும். பொருளாளர்கள் கவனிக்க: அங்கீகாரம் பெற்ற சங்கம் அரசியல் நிதி வைத்திருக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரம் விலக்கப்பட்டபோது, நிதியைச் செலவிட்ட விதம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது.

கே: என் பணியிட மாறுதலை எதிர்த்துச் சங்கம் கடிதம் தர மறுக்கிறது. சந்தா எதற்கு?
- வாசகி, நாகர்கோவில்

ப: கோபம் நியாயம்தான். ஆனால், தனிநபரின் பணி விவகாரத்தை அங்கீகாரம் பெற்ற சங்கம் கையிலெடுக்க விதி இடம் தரவில்லை. முறையீட்டை உங்கள் பெயரிலேயே, மேலதிகாரி வழியாக அனுப்புங்கள். எழுதுவதற்குச் சங்கத்தில் விவரம் தெரிந்தவர் உதவலாம். கடும் தண்டனைக்கான துறை விசாரணை என்றால், சக ஊழியர் ஒருவரைத் தற்காப்பு உதவியாளராக வைத்துக்கொள்ளலாம்.

கே: சங்கம் அழைத்தால் வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ளலாமா?
- வாசகர், சேலம்

ப: சங்கம் வைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது. தமிழக அரசு ஊழியர் தொடர்பான 2003 ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திட்டவட்டமாகச் சொன்னது. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.