வன்னியில் திடீரென அடிக்கும் காற்றும் ராடார் படமும்: கேள்வி பதில்

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சித்திரையில் ஒரு பின்நேரம் பத்து நிமிடம் அடித்த காற்றில் எங்கள் வீட்டுத் தகரம் பறந்துவிட்டது. அந்த நேரம் போனில் காரைக்கால் ராடார் படம் திறந்துதான் இருந்தது, எங்கள் இடத்தில் சின்ன மஞ்சள் பொட்டு மட்டும். ராடார் பொய் சொல்லுமா?

பொய் சொல்லவில்லை தம்பி, உங்கள் முற்றத்தை அது பார்க்கவேயில்லை. காரைக்காலிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் 200 கிலோமீற்றருக்கு மேல், உங்கள் இடம் கொஞ்சம்தான் கிட்ட. ராடார் அனுப்பும் அலைக்கதிரை அரைப் பாகை உயர்த்தி அனுப்பினால், பூமி வளைந்து கீழே இறங்கிவிடுவதால், அது இங்கே வரும்போது ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உயரத்தில் போகும். முகிலின் நடுவயிறு தெரியும், தகரத்தைத் தூக்கிய காற்று தெரியாது. கதிரும் அதற்குள் 3 கிலோமீற்றருக்கு மேல் அகலித்துவிடுமே, அதனால் சின்ன முகில் எவ்வளவு கடுமையானாலும் படத்தில் கரைந்து வெளிறித்தான் தெரியும்.

ஒட்டுசுட்டான் அக்கா ஒருவர்: பேப்பரில் 'மினி சூறாவளி' என்று போட்டார்கள். உண்மையில் சுழன்றதா?

அநேகமாக இல்லை அக்கா. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவிதான் சூறாவளி. சித்திரை வெயிலில் எழும் இடிமுகில் வேறு: மழையோடு குளிர்ந்த காற்று மேலிருந்து கொட்டி, நிலத்தில் மோதி, நாலு பக்கமும் சிதறும். இதைப் பிடித்தவர் புஜிட்டா என்ற ஜப்பானிய வானிலை ஆராய்ச்சியாளர். 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர், பல வருடம் கழித்து அமெரிக்காவில் புயல் அடித்த காட்டிலும் அதே கோலத்தைக் கண்டார். 1975இல் நியூயோர்க்கில் விமானம் விழுந்ததற்கும் இந்தக் காற்றுத்தான் காரணம் என்று சொன்னார்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் ராடார் படம்தான் டொப்ளர் படம். அதில் பச்சை ராடாரை நோக்கி வரும் காற்று, சிவப்பு விலகிப் போவது. இரண்டும் ராடாரிலிருந்து ஒரே தூரத்தில் பக்கத்துப் பக்கம் ஒட்டி நின்றால் சுழற்சி. ஒரே திசையில் பச்சை கிட்டவும் சிவப்பு அதற்கு அப்பாலும் நின்றால் சிதறல். ஆனால் அது நிலத்துக்குக் கிட்ட நடப்பது, ராடார் பக்கத்தில் இருந்தால்தான் பிடிபடும்.

மாங்குளம் ஆசிரியர் ஒருவர்: ஆலங்கட்டியை முன்கூட்டித் தெரியுமா?

ஓரளவுக்கு, ஐயா. முகிலில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலியின் பலத்தைச் சொல்லும் டிபிஇசட் (dBZ) அளவில் 10 கூடினால் எதிரொலி பத்து மடங்கு. 55ஐத் தாண்டினால் பனிக்கட்டியைச் சந்தேகிக்கலாம்.

புளியங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: அப்படியென்றால் எங்களால் என்ன செய்ய முடியும்?

நிறைய. ராடார் பார்க்காத அந்த 4 கிலோமீற்றரை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். வவுனிக்குளம் பக்கம் ஒரு வளவில் வாழை எல்லாம் தெற்கே படுத்திருந்தது, ஒழுங்கைக்கு அங்கால் முருங்கை மேற்கே முறிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் சிதறல் என்று விளங்கிவிட்டது, ஆனால் மற்ற வளவுகளில் அதற்குள் எல்லாவற்றையும் வெட்டி அடுக்கிவிட்டார்கள், எனக்குச் சரியான கவலை. வெட்ட முன் படம் எடுங்கள், போன் திசைகாட்டியில் திசையைப் பாருங்கள், நேரத்தை எழுதுங்கள்.

விசுவமடுத் தம்பி, தகரம் எந்தப் பக்கம் போய் விழுந்தது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அன்றைய படங்கள் சேமித்து வைத்திருக்கிறேன், சேர்த்து வைத்துப் பார்ப்போம்.